பாதி ஆழம்

களிமண் நிலத்தை உறைபனிக்கு முன்னரே புரட்டிப் போடாத ஒருவனைத் தோட்டக்காரன் என்று அழைப்பதற்கு மெயின்டர்ட் ஒருநாளும் உடன்பட்டதில்லை. நவம்பரில் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்ட மண்ணுக்குள் ஈரம் நிற்கும். ஜனவரியில் அந்த ஈரம் உறைந்து விரியும். விரியும்போது கட்டியை உள்ளிருந்தே பிளக்கும். மார்ச்சில் கையில் அள்ளினால் புட்டுமாவுபோல் உதிரும். இவ்வளவு வேலையையும் பனி கூலி வாங்காமல் செய்துகொடுக்கையில், அதற்கு வழிவிடாமல் வீட்டுக்குள் குளிர்காய்பவனை என்னவென்று சொல்வது?

ஹோர்ன் நகரின் விளிம்பில், பெரிய அணைக்குப் பின்னால், கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடந்த நிலத்தை ஆளுக்கொரு மனையாகப் பகிர்ந்து பயிரிடும் தோட்டச் சங்கத்தில் மெயின்டர்ட்டின் மனை தனியே தெரியும். கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் பணியில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர், மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய பூண்டு வரிசைகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். உண்மையில் நூல் பிடித்தே நட்டவை. பூக்களின்மீது அவருக்குப் பகை ஒன்றுமில்லை. உண்ண உதவாத ஒன்றுக்கு நல்ல நிலத்தை ஒதுக்குவானேன் என்பதுதான் அவர் எண்ணம்.

இடையில் ஒரு சிறு வாய்க்கால். அதன் மறுகரையில் நானிங்கின் மனை. முப்பது ஆண்டுகளாக நானிங் அதை ஆண்டுவந்த முறையைத் தோட்டக்கலை என்று சொல்வதற்கில்லை. பூசணிக்கொடி பாதையில் படரும். முட்செடிகளின் பஞ்சு விதைகள் காற்றேறி வந்து மெயின்டர்ட்டின் பூண்டுக்கிடையே முளைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன், சங்கத்தின் மேற்பார்வைக் குழு மனைகளைச் சுற்றிவரும். களை மண்டிய மனையின் வாயிற்கதவில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போகும். அந்தக் குழுவில் மெயின்டர்ட்டும் ஒருவர். நானிங்கின் கதவில் அட்டை தொங்கவேண்டும் என்று ஒருமுறைக்குப் பலமுறை கையுயர்த்தியவரும் அவரே. நானிங் அதற்காக முகம் சுளித்ததில்லை. அட்டைகளையெல்லாம் சேர்த்து நூலில் கோத்துத் தம் மரக்குடிலின் சன்னலுக்குமேல் பிறந்தநாள் தோரணம்போல் கட்டி வைத்திருந்தார். அட்டை தொங்கிய அன்றைக்கே வாய்க்கால் ஓரம் வந்து நின்று, காப்பி குடிக்க வாருங்கள் என்று மெயின்டர்ட்டை அழைப்பார்.

அந்த நானிங் அக்டோபர் முடிவில் இறந்துபோனார். காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பியவர் மிதிவண்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டார் என்றார்கள்.

நவம்பர் பாதியில் மேற்பார்வைக் குழு சுற்றிவரும் நாள் நெருங்கியது. நானிங்கைப் புதைத்த ஈரம் காயாத அவர் மனைவி ஆஃப்ராவின் கதவில் மஞ்சள் அட்டை தொங்குவதா என்று மெயின்டர்ட்டின் மனம் கேட்டது. ஒரு காலையில் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பலகைப் பாலத்தைக் கடந்தார். வாடிய பீன்ஸ் கொடிகளை இழுத்தெறிந்தார். பாதையின் ஓரங்களை வெட்டி நேராக்கினார். பிறகு மனை முழுவதையும், மண்வெட்டியின் முழுத்தகடும் இறங்கும் ஆழத்துக்கு, வரிசை வரிசையாகப் புரட்டத் தொடங்கினார். கரிய கட்டிகள் பளபளவென்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. முப்பது ஆண்டுகளாகத் தம் கரையிலிருந்து பார்த்துப் பார்த்துப் புழுங்கிய மனை அவர் கைக்குக்கீழ் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. அன்று அவர் சீழ்க்கையடித்தார். சாவு வீட்டுக்காரிக்கு உதவி செய்யும்போது சீழ்க்கை என்ன வேண்டிக் கிடந்தது என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டது பின்னாளில்தான்.

மாலை சாயும் வேளைக்கு எஞ்சியது, குடிலின் சன்னலுக்கு நேர் கீழே இருந்த ஒரு நீண்ட பாத்தி. அது பூப்பாத்தி என்பது அவருக்குத் தெரியும். பூவுக்கு முழு ஆழம் எதற்கு, பாதி ஆழம் போதும் என்று தகட்டைப் பாதியளவே இறக்கிப் புரட்டினார். முதல் வரிசையிலேயே மண்ணோடு சிறு கிழங்குகள் சில உருண்டு வந்தன. சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவை, குளிர் முடியும்போது முதலில் பூக்கும் குரோக்கஸ் பூவின் கிழங்குகள். பழைய கிழங்குகள் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அதிலும் வந்தன. சில இரண்டாகப் பிளந்திருந்தன. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடியில் வெள்ளை வேர்கள் அப்போதுதான் விட்டிருந்தன. புதிதாக நட்டவை, நட்ட கை எது என்று கேட்கவேண்டியதில்லை.

அந்த இடத்தில் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றிருக்கலாம். பாத்தியில் பாதிக்குமேல் அப்போது தொடப்படாமல்தான் கிடந்தது. அவர் நிற்கவில்லை. பாதி புரட்டிய பாத்தியை அப்படியே விட்டுப்போக அவருடைய கை இணங்கவில்லை என்பதுதான் காரணம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. கடைசி வரிசைவரை புரட்டி முடித்தார். முடித்தபின், வெட்டுப்பட்டவையும் முழுமையானவையுமாக மேலே கிடந்த கிழங்குகளை வாளியில் பொறுக்கிப்போட்டு, வாய்க்காலைக் கடந்து, தம் உரக்குவியலில் கொட்டி, மேலே கொஞ்சம் வைக்கோலையும் இழுத்துவிட்டார்.

*

மறுநாள் ஆஃப்ரா வந்தார். நானிங்கைப்போல உரக்கப் பேசுகிறவர் அல்லர் அந்த அம்மையார். தோட்டத்தில் கால் வைப்பதும் கோடைக்கால ஞாயிறுகளில் மட்டுமே. புரட்டிய மனையைப் பார்த்தபடி வாயிற்கதவில் நெடுநேரம் நின்றார். பிறகு மெயின்டர்ட்டைக் குடிலுக்குள் அழைத்துக் காப்பி ஊற்றினார். அந்த ஊரில் காப்பிக்கு ஒரு பிஸ்கோத்து. கொடுத்ததும் டப்பாவின் மூடி மூடப்பட்டுவிடும். அதுதான் வழக்கம். அன்று ஆஃப்ரா டப்பாவை இரண்டாம் முறையும் நீட்டினார். மெயின்டர்ட் இரண்டாவதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் போட்ட முதலாவதே விழுங்க முடியாமல் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், பக்கத்துக்காரரே" என்றார் ஆஃப்ரா. அந்த ஊரில் அண்டை அயலாரை அப்படி அழைப்பது உரிமை கலந்த பேச்சு. "சன்னலுக்குக் கீழ இருக்கிற பாத்தி... அதையும் வெட்டிட்டீங்களா?"

மெயின்டர்ட் கோப்பையைப் பார்த்தார்.

"ஏன் கேக்கறேன்னா, அவரு போறதுக்கு முந்தின வாரம் முழுக்க அந்தப் பாத்தியிலதான் மண்டிபோட்டுக்கிட்டுக் கிடந்தாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டா, உனக்கு லசான்யா பண்ணி வச்சிருக்கேன், வசந்தத்துல இந்தச் சன்னல்ல உக்காந்து கண்ணால சாப்பிடுன்னாரு. ஒரு முட்டை அவிக்கத் தெரியாத மனுஷன் லசான்யா பண்றாராம்." ஆஃப்ரா சிரித்தார். "பூ ஏதோ வச்சிருக்காருன்னு மட்டும் புரிஞ்சுது. என்ன பூன்னு சொல்லல."

"மேலாக்க வாரிவிட்டேன். அவ்வளவுதான்" என்றார் மெயின்டர்ட். "வெட்டல."

சொல்லி முடித்த கணமே திரும்பப் பெற்றிருக்கலாம். காப்பி இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆஃப்ராவின் முகத்தில் ஓடிய நிம்மதியைக் கண்டபின் அவருக்கு வாய் எழவில்லை. ஆஃப்ரா அடுத்துச் சொன்னது அவரை முள்மேல் நிறுத்தியது. சங்கத்து விதிப்படி, மனையை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று இறந்தவரின் மனைவி மார்ச் முடிவுக்குள் சொல்லவேண்டும். விட்டால் காத்திருப்போரில் முதலாமவருக்குப் போய்விடும். தம்மால் எடுக்கக் கூடிய முடிவாக அது இல்லை என்றார் ஆஃப்ரா. ஆகையால் நானிங்கிடமே விட்டுவிட்டாராம். அவர் வைத்தது முளைத்து வந்தால் மனையைத் தாம் வைத்துக்கொள்வது. வராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரோனிங்கனில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துவிடுவது.

மெயின்டர்ட் தம் குடிலுக்குத் திரும்பியபோது இரண்டாவது பிஸ்கோத்து கைக்குள் நொறுங்கியிருந்தது.

*

அந்தக் குளிர்காலத்தில் ஆஃப்ரா சனிக்கிழமை தவறாமல் வந்தார். சிறு அடுப்பை மூட்டிக்கொண்டு, மஞ்சள் அட்டைத் தோரணத்தின் கீழே, சன்னலோரம் நானிங்கின் நாற்காலியில் அமர்ந்து, ஒன்றுமில்லாத கறுப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாடகம் தொடங்குமுன்னரே வந்து முன்வரிசையில் இடம்பிடித்தவரைப்போல இருந்தது அது. மெயின்டர்ட் வாய்க்காலுக்கு அப்பால் ஏதேனும் கைவேலை வைத்துக்கொள்வார். முதுகைக் காட்டி நின்றாலும் அந்தச் சன்னல் அவருக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

சில நாள் ஆஃப்ரா சன்னலைத் திறந்து பேச்சுக் கொடுப்பார். நீலமாக இருக்கும் என்று நினைக்கிறேன் என்பார் ஒரு வாரம். அவருக்கு ஊதாதான் பிடிக்கும் என்று அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார். நகரத்துக் கடையில் பூக்கிழங்குப் படங்கள் போட்ட விலைப்பட்டியலை வாங்கி வந்து, இதுவோ அதுவோ என்று மடியில் புரட்டிக்கொண்டிருப்பார். தோட்டத்தைப் பற்றி முன்பு ஒரு சொல் கேட்டறியாதவர் இப்போது மண்ணின் சூடு, வேரின் உறக்கம் என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார். கிழங்குக்குக் குளிர் ஏறினால்தான் பூக்கத் தோன்றுமாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றார் மெயின்டர்ட். அப்படியானால் நன்றாகக் குளிரட்டும் என்று ஆஃப்ரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஜனவரியில் கடும்பனி வந்தது. வாய்க்கால் உறைந்தது. இரவு நிசப்தத்தில் மண்கட்டிகள் வெடிப்பது கேட்கும் என்று மெயின்டர்ட் எப்போதும் பெருமையாகச் சொல்லும் அந்தப் பனி. ஆண்டு முழுதும் அவர் எதிர்நோக்கும் பனி. இம்முறை வரப்பில் நின்று வெள்ளை பூத்த கட்டிகளைப் பார்த்தபோது அவருக்கு மகிழ்ச்சி எழவில்லை. இரு மனைகளும் ஒரே கைவேலையாய், ஒரே ஒழுங்காய் விரிந்து கிடந்தன. வாய்க்காலுக்கு அப்பால் எது நானிங்குடையது என்று சொல்ல ஓர் அடையாளமும் மிஞ்சவில்லை.

ஊரெல்லாம் பனித்துளிப் பூக்கள் தலைகாட்டின. சங்கத்துக் காப்பிக் கூடத்தில் அதுவே பேச்சு. யார் மனையில் எது மூக்கை நீட்டியது என்பதை வைத்துப் பந்தயம் கட்டாத குறை. காப்பிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்த்யாவுக்கு வாய் நீளம், கண்ணும் அப்படியே. பிப்ரவரியில் ஒருநாள் கூடம் நிறைந்திருக்கையில், காப்பி ஊற்றியபடியே தொடங்கினார்.

"மெயின்டர்ட்டு, உனக்குப் புத்தி மாறிப்போச்சா, இல்ல வயசாகிப்போச்சா? உன் உரக்குவியல்ல பூ முளைக்குது. பாதையில வரும்போது பார்த்தேன். பூவுக்கு இடமில்ல, இடமில்லன்னு சொல்லிச் சொல்லியே, கடைசில குப்பையில வளக்க ஆரம்பிச்சிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆஃப்ராவும் சிரித்தார். மெயின்டர்ட் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்துவிட்டுப் பாதிக் காப்பியிலேயே எழுந்து போனார். உண்மைதான். வைக்கோலைத் துளைத்துக்கொண்டு பச்சைமுனைகள் கூட்டமாக எழும்பியிருந்தன. வெட்டுப்பட்டதுபோக மீந்த கிழங்குகள், தலைகீழாகக் கொட்டப்பட்டும் வழி கண்டுபிடித்து வந்திருந்தன. அவர் கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துவந்து குவியலை மூடி, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறோம். அதற்குச் சோறாவது இருந்தது.

அடுத்த சந்தை நாளில், மொட்டு விட்ட குரோக்கஸ் தொட்டிகளை இரண்டு பெட்டி நிறைய வாங்கினார். மஞ்சள்தான் கிடைத்தது. விடியுமுன் மூடுபனியில் பாலத்தைக் கடந்து, தொட்டிகளைக் கழற்றி, சன்னலுக்குக் கீழே நட்டார். வாழ்நாளில் முதன்முறையாக நூல் பிடிக்காமல் நட்டார். நானிங்கின் கை போலத் தோன்றவேண்டும் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக. அது அவருக்கு எளிதாக வரவில்லை. நட்டதைப் பிடுங்கி இன்னும் ஒழுங்கில்லாமல் நடவேண்டியிருந்தது. திருட்டுக்குப் போனவன் திருடாமல் வைத்துவிட்டு வருவதுபோல, விரல்நகங்களில் மண்ணோடு திரும்பினார்.

சனிக்கிழமை ஆஃப்ரா கதவைத் திறந்தவர் அப்படியே பாத்தியருகில் மண்டியிட்டுவிட்டார். நல்ல மேலங்கி அணிந்திருப்பதைக்கூட எண்ணவில்லை. மெயின்டர்ட் வாய்க்காலின் இக்கரையில் கத்தரிக்கோலோடு நின்றிருந்தார், கத்தரிக்க ஒன்றுமில்லை.

"வந்துட்டாரு" என்றார் ஆஃப்ரா.

வந்துவிட்டன என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லின் வேறுபாடு மெயின்டர்ட்டின் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியது.

ஆயின் அந்த வாரக் கடைசிக்குள் சிட்டுக்குருவிகள் வந்து மஞ்சள் இதழ்களைக் கிழித்தெறிந்துவிட்டன. அந்தப் பறவைகளுக்கு மஞ்சள் குரோக்கஸ்மேல் உள்ள வெறி, பூ வளர்ப்போர் அனைவரும் அறிந்தது. மெயின்டர்ட் மட்டுமே அறியாதது. ஆஃப்ரா கிழிந்த இதழ்களைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். மஞ்சள் குரோக்கஸ் நடுவதும் குருவிக்குத் தீனி போடுவதும் ஒன்று என்று நானிங்கே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாராம். சன்னலிலிருந்து அதைச் சொல்லிவிட்டு, ஆஃப்ரா சற்று யோசித்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. ஊதான்னு எழுதின பையில மஞ்சளைப் போட்டுக் குடுத்திருப்பான். இவரும் பார்க்காம வாங்கிட்டு வந்திருப்பாரு. எப்பவும் ஏமாந்த சோணகிரிதான்."

செத்தவர் தம்மைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் சொல்ல இயலாது. ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றார் மெயின்டர்ட். சொன்ன நாக்கை அன்று முழுதும் அவர் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டேயிருந்தார்.

*

மார்ச்சின் கடைசிச் சனிக்கிழமை. காப்பிக் கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. ஆண்டின் முதல் வேலைநாளுக்கு முன் எல்லாரும் கூடுவது வழக்கம். ஆஃப்ரா சற்றுத் தாமதமாக வந்தார். கன்னங்கள் சிவந்திருந்தன. தம் பாத்தியில் கிழிந்த குரோக்கஸ்களுக்கு நடுவே வேறு ஏதோ வருகிறது, கட்டைவிரல் தடிமனில், பச்சையாக, நெருக்கமாக என்று கேர்த்யாவிடம் சொன்னார். சிலவற்றின் நுனியில் வெள்ளை தெரிகிறதாம்.

"நார்சிஸஸ்" என்றார் கேர்த்யா. "வெள்ளை நார்சிஸஸ். அதுக்கும் கீழ டியூலிப் இருக்கும், பாரு. மே மாசம் வரும்."

உனக்கெப்படித் தெரியும் என்று ஆஃப்ரா கேட்டார்.

"நீதானே சொன்ன, லசான்யா பண்ணி வச்சிருக்காருன்னு? பூ நடறவங்க பேசற பேச்சும்மா அது. சாப்பிடற லசான்யா மாதிரியே அடுக்கடுக்கா வைக்கிறது. அடியில டியூலிப், நடுவுல நார்சிஸஸ், மேல குரோக்கஸ். ஒண்ணு முடியறப்ப அடுத்தது வரும். மூணு மாசம் பூத்துக்கிட்டே இருக்கும்." கேர்த்யா துணியால் மேசையைத் துடைத்தபடி மெயின்டர்ட்டைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "இதெல்லாம் பூண்டுக்காரங்களுக்கு எங்க தெரியப்போகுது."

மெயின்டர்ட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. பாதி ஆழம். பூவுக்கு எதற்கு முழு ஆழம் என்று அலட்சியமாய் இறக்கிய அந்தப் பாதித் தகடு மேலடுக்கை மட்டுமே பெயர்த்திருக்கிறது. கீழே இரண்டு அடுக்குகள் அவருடைய கையெட்டாமல் கிடந்து, குளிரை வாங்கிக்கொண்டு, இப்போது எழுந்து வந்துவிட்டன. நானிங் பிழைத்துக்கொண்டார். தாமும் பிழைத்துக்கொண்டோம் என்று மெயின்டர்ட் ஒரு கணம் எண்ணினார். இனி யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. ஆஃப்ரா இங்கேயே இருப்பார். உரக்குவியலைக் கோடையில் கிளறிவிட்டால் எல்லாம் மண்ணோடு மண். நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆஃப்ரா கோப்பையைக் கரண்டியால் தட்டினார். நாலு பேர் முன்னிலையில் பேசிப் பழகாதவர் அவர். மனையைத் தாமே வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருப்பதைச் சொன்னார். கை தட்டினார்கள். அதோடு நிறுத்தாமல் மெயின்டர்ட்டின் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்லணும். எனக்கு மஞ்சள் அட்டை வரக்கூடாதுன்னு நம்ம பக்கத்துக்காரர் ஒத்தையாளா மொத்த மனையையும் வெட்டிக் குடுத்தாரு. ஆனா எதை வெட்டக்கூடாதோ அதை வெட்டாம விட்டாரு பாருங்க, அதுக்குத்தான் நான் நன்றி சொல்றேன். யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"மெயின்டர்ட்டு ஒரு பாத்திய வெட்டாம விட்டானா!" என்றார் கேர்த்யா. "இதைப் பலகையில எழுதி மாட்டணும்."

மறுபடியும் கைதட்டல். யாரோ அவருடைய முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

*

ஆஃப்ரா குடிலுக்கு வந்தபோது மெயின்டர்ட் பாத்திக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன விஷயம் என்று கேட்குமுன்னரே சொல்லத் தொடங்கினார். எழுதி வைத்துப் படிப்பவரைப்போல வரிசையாகச் சொன்னார்: வெட்டியது, கிழங்குகளை வாரிப் போனது, வெட்டவில்லை என்றது, மஞ்சள் குரோக்கஸ் சந்தையில் வாங்கியது, நானிங்மேல் பழி விழுந்தபோது ஆமாம் போட்டது.

ஆஃப்ரா நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். முடிந்ததும் பாத்தியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"தெரியாம வெட்டினீங்க. சரி" என்றார் மெல்ல. "கிழங்கு மேல வந்தவுடனே நிறுத்திட்டீங்கதானே, மெயின்டர்ட்?"

அந்த அம்மையார் வாயிலிருந்து தம் பெயர் வருவது மெயின்டர்ட்டுக்குப் புதிது. ஆமாம் என்றால் முடிந்தது. அதற்கு ஒரு சொல் அளவே பொய் தேவைப்பட்டது.

"இல்ல. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மிச்சத்தையும் வெட்டினேன்."

"ஏன்?"

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"நல்லா இருந்துச்சு" என்றார். "வெட்ட வெட்ட, எனக்கு நல்லா இருந்துச்சு. இத்தனை வருஷமா இந்த மனைய நேராக்கணும்னு கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் இருக்கிறப்ப முடியல."

வாய்க்காலில் ஒரு வாத்து தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு போயிற்று. பிறகு ஆஃப்ரா, அந்தக் கிழங்குகள் எங்கே என்று கேட்டார்.

இருவரும் பாலத்தைக் கடந்தார்கள். மெயின்டர்ட் செங்கற்களை அகற்றித் தார்ப்பாயை இழுத்தார். அடியில் குரோக்கஸ்கள் பூத்து முடியும் தறுவாயில் கிடந்தன. வெளிச்சம் காணாத தழைகள் பச்சையை இழந்து, நோயாளியின் விரல்கள்போல் வெளுத்து நீண்டிருந்தன. தண்டுகள் தார்ப்பாயின் பாரத்தில் கிடைமட்டமாய்ப் படுத்து, ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தை நோக்கி ஒரே திசையில் தலையை நீட்டியிருந்தன. பூக்கள்மட்டும் நிறம் மாறவில்லை. ஊதா. நல்ல ஆழ்ந்த ஊதா.

"ஏமாறல அவரு" என்றார் ஆஃப்ரா.

மண்டியிட்டு, குவியலிலிருந்து ஒவ்வொன்றாக, வேர் அறாமல் கிளப்பத் தொடங்கினார். மெயின்டர்ட் உதவக் குனிந்தார். வேண்டாம் என்று ஆஃப்ரா கையால் மறித்துவிட்டு, வாளியை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே வாளி. பாதையில் போனவர்கள் என்ன வேலை நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். ஆஃப்ரா நிமிரவில்லை, மெயின்டர்ட்டுக்கு முகத்தை வைக்க இடம் தெரியவில்லை. கேர்த்யாகூட வந்து வேலிக்கு அப்பால் நின்றார். வாயைத் திறந்தவர், வாளியையும் அதைப் பிடித்திருந்தவரின் முகத்தையும் கண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போனார். நாளைக்குள் சங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஊதாக் குரோக்கஸ்களைப் பாத்தியின் ஓரத்தில் ஆஃப்ராவே நட்டார். கிழிந்த மஞ்சளைப் பிடுங்கவில்லை. இருக்கட்டும், குருவிக்குப் பசிக்கும் என்றார். வரிசை பார்க்கவில்லை, இடைவெளி பார்க்கவில்லை. ஒன்று மிக நெருக்கம், ஒன்று மிகத் தொலைவு. மெயின்டர்ட் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

குடிலுக்குள் போன ஆஃப்ரா திரும்பிப் பார்த்து, கதவைத் திறந்தே வைத்தார். அது அழைப்பா என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து உள்ளே போனார். மஞ்சள் அட்டைகள் தலைக்குமேல் தொங்கின; ஒவ்வொன்றும் எந்த ஆண்டு தாம் கையுயர்த்தியது என்று அவரால் சொல்ல முடியும். ஆஃப்ரா இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினார். நானிங்கின் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் மறுத்தார். உட்காருங்கள் என்று ஆஃப்ரா மறுபடி சொன்னார். உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே தடித்த பச்சைமுனைகள் அவருடைய முகத்துக்கு நேரே நின்றன. பார்க்காமலிருக்க அந்த நாற்காலியிலிருந்து வழியில்லை.

ஆஃப்ரா பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து நீட்டினார். மெயின்டர்ட் ஒன்று எடுத்துக்கொண்டார். தாமும் ஒன்று எடுத்துக்கொண்டு, ஆஃப்ரா மூடியை அழுத்தி மூடினார்.

மெயின்டர்ட் தம்முடையதைத் துகள் சிந்தாமல் முழுதும் தின்றார்.